மேட்டூர்ச் சாலைகளில் மிதிவண்டி

காவிரி ஆறு மேட்டூரில் சீதாமலைக்கும் பாலமலைக்கும் இடையே அணையால் மறிக்கப்படுகிறது. 1925ஆம் ஆண்டில் தொடங்கி 1934ஆம் ஆண்டில் நிறைவுற்ற அவ்வணையின் நீளம் 5,300 அடி. அணை எழுந்தபின் மின்சாரம் வந்தது. மின்சாரத்தின் பின்னே வேதிப்பொருள் ஆலையும் அலுமினிய ஆலையும் வந்தன. பிற்காலத்தில் அனல்மின் நிலையமும் எழுந்தது. பேருந்து அரிதாக இருந்த அந்நாளில், சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து ஆலை வாயிலுக்கு முறைநேரம் தவறாமல் வந்து சேரத் தொழிலாளிக்கு உதவியது மிதிவண்டியே. சலகண்டாபுரம், எடப்பாடிப் பகுதி நெசவாளர் நூலையும் நெய்த சேலையையும் அதில்தான் ஏற்றிச் சென்றனர். பால்காரர் பின் இருக்கையின் இருபுறமும் கேன்களைத் தொங்கவிட்டனர். நீர்த்தேக்கத்து மீன் கூடையில் அமர்ந்து ஊர் ஊராகப் போயிற்று.

இவர்களை 'மிதிவண்டி ஆர்வலர்' என்று எவரும் அழைத்ததில்லை. பிழைப்புக்காக ஓட்டுபவர், விருப்பத்திற்காக ஓட்டுபவர் என்று இன்று இரு வகையாகப் பிரித்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் அக்கோடு அத்துணைத் தெளிவானதன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, தேங்காய் எண்ணெய் தொட்டு ஆரக்கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்த ஆலைத் தொழிலாளியைவிட அதிகமாக எந்த ஆர்வலரும் தம் வண்டியை நேசித்துவிட முடியாது.

கறுப்பு வண்டிகளின் காலம்

மிதிவண்டியின் வரலாறு நெடியதன்று. செருமனியைச் சேர்ந்த கார்ல் டிரைசு 1817ஆம் ஆண்டில் செய்த இருசக்கர ஊர்திக்கு மிதிகட்டையே இல்லை. தரையைக் காலால் உந்தித்தான் அதை ஓட்ட வேண்டும். 1860களில் பிரான்சில் முன்சக்கரத்தோடு மிதிகட்டை இணைக்கப்பட்டது. பின்னர் முன்சக்கரம் ஆள் உயரத்திற்கு வளர்ந்தது. அதிலிருந்து விழுந்தவர் தலைகுப்புற விழுந்தனர். 1885ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் சான் கெம்பு சுடார்லி, ஏறத்தாழ ஒத்த அளவுடைய இரு சக்கரங்களும், பின்சக்கரத்தைச் சுழற்றும் சங்கிலியும் கொண்ட 'ரோவர்' வண்டியை உருவாக்கினார். மூன்றே ஆண்டுகளில், 1888இல், டன்லப் காற்றடைத்த டயரை மிதிவண்டிக்குக் கொண்டுவந்தார். இன்று சாலையில் ஓடும் வண்டி, அடிப்படையில் அந்த ரோவர் வண்டியே.

தமிழகத்துச் சிற்றூர்களை வந்தடைந்தவை ராலே, ஹம்பர், பி.எஸ்.ஏ., ரட்ஜ், ஹெர்குலிஸ், பிலிப்ஸ் முதலிய ஆங்கிலேய வண்டிகள். இவற்றைச் சேகரித்துப் பேணுவோர் இன்றும் தமிழகத்தில் உண்டு. அவர்கள் வண்டியைப் பெயர் பார்த்து அறிவதில்லை. உறுப்புப் பார்த்து அறிகின்றனர். ஹம்பரின் முன்கவை ஒவ்வொரு புறமும் இரட்டைக் குழாயாகப் பிரிந்திருக்கும். ராலேயின் முகப்பில் நாரைத் தலை இருக்கும். சங்கிலிச் சக்கரத்திலும் அந்நாரையே வெட்டப்பட்டிருக்கும். பி.எஸ்.ஏ. சின்னத்தில் மூன்று துப்பாக்கிகள் கூம்பாகச் சாய்ந்து நிற்கும். அது வெறும் அலங்காரமன்று. பர்மிங்காம் நகரில் துப்பாக்கி செய்வோர் கூடி 1861ஆம் ஆண்டில் தொடங்கிய நிறுவனம் அது. துப்பாக்கி தேவைப்படாத காலத்தில் மிதிவண்டி செய்தது.

வண்டியின் வயதை அறிவதற்கும் வழியுண்டு. ராலே வண்டிகள் பலவற்றின் பின்சக்கர நடுக்குடத்தினுள் 'சுடர்மி ஆர்ச்சர்' என்னும் மூன்று வேகப் பற்சக்கர அமைப்பு மறைந்திருக்கும். அந்நடுக்குடத்தின் மேலோட்டில், அது செய்யப்பட்ட ஆண்டும் மாதமும் எண்களாகப் பொறிக்கப்பட்டிருப்பது வழக்கம். பல ஆண்டு அழுக்கைத் துடைத்து அந்த எண்ணைப் படிக்கும் கணமே சேகரிப்பாளருக்குப் பெருமகிழ்ச்சி தருவது. எனினும் தேர்ந்தவர் அத்துடன் நிறைவு கொள்வதில்லை. சக்கரம் இடையில் மாற்றப்பட்டிருக்கலாம் அல்லவா? எனவே சட்டகத்தில் உள்ள எண்ணையும், வண்ணத்தின் அடியில் உள்ள வண்ணத்தையும், குழாய் இணைப்புகளின் வார்ப்பையும் ஒப்பிட்டே முடிவுக்கு வருவர். பழைய ஓலைச்சுவடியின் காலத்தைக் கணிப்பவர் எழுத்தமைதியையும் ஓலையையும் ஒருங்கே நோக்குவது போன்ற பணி இது.

விடுதலைக்குப்பின் வண்டிகள் இந்தியாவிலேயே செய்யப்பட்டன. சென்னையை அடுத்த அம்பத்தூரில், முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெசுட்மென்ட்சு நிறுவனமும் இணைந்து 1949ஆம் ஆண்டில் டி.ஐ. சைக்கிள்சு நிறுவனத்தைத் தொடங்கின. ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. ஆகிய பெயர்கள் அதன்பின் தமிழ்ப் பெயர்களைப்போல் ஊர்களில் ஒலித்தன. மாப்பிள்ளைச் சீரில் கடிகாரத்தோடு மிதிவண்டியும் கேட்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. உள்ளாட்சி அமைப்புக்கு ஆண்டுதோறும் வரி செலுத்தி, அதற்கு அடையாளமான தகட்டை வண்டியில் பொருத்த வேண்டியிருந்தது. இரவில் விளக்கின்றி ஓட்டினாலும், இருவராக ஏறிச் சென்றாலும் காவலர் நிறுத்துவர்.

சொந்த வண்டி இல்லாதோர்க்கு வாடகைக் கடை இருந்தது. மணிக்கணக்கில் வண்டி எடுத்த சிறுவர்க்கு இருக்கை எட்டாது. ஆகவே குறுக்குக் கம்பிக்கு அடியில் காலை நுழைத்து மிதிப்பர். இதுவே 'குரங்கு பெடல்'. இராசி அழகப்பனின் 'சைக்கிள்' என்னும் சிறுகதையை அடிப்படையாகக் கொண்டு 2024ஆம் ஆண்டில் இப்பெயரிலேயே ஒரு திரைப்படமும் வெளிவந்தது. பார்ப்பதற்கு வேடிக்கையாக இருப்பினும் குரங்கு பெடலில் இயற்பியல் உண்டு. சிறுவனின் உடல் வண்டிக்கு ஒருபுறம் தொங்குவதால், வண்டி மறுபுறம் சாய்ந்தாக வேண்டும். அப்போதுதான் இரண்டுக்கும் பொதுவான ஈர்ப்பு மையம் சக்கரங்கள் தரையைத் தொடும் கோட்டிற்கு நேர்மேலே நிற்கும். முழுச்சுற்று மிதிக்க இயலாத சிறுவன் பாதி அழுத்தி, மிதியைப் பின்னுக்கு இழுத்து, மீண்டும் பாதி அழுத்துவான். பின்புறம் சுற்றும்போது சக்கரத்தைப் பற்றாது நழுவவிடும் 'ஃப்ரீவீல்' இல்லையேல் இந்த வித்தை நடவாது.

ஒரு மிதிக்கு எத்தனை மீட்டர்?

ஊரகத்தில் பெருவழக்காக உள்ள கறுப்பு வண்டியின் முன் பற்சக்கரத்தில் 44 பற்களும் பின் பற்சக்கரத்தில் 18 பற்களும் இருப்பது வழக்கம். மிதி ஒருமுறை சுழன்றால் பின்சக்கரம் 44/18, அதாவது ஏறத்தாழ 2.44 முறை சுழலும். 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.23 மீட்டர். இரண்டையும் பெருக்கினால், ஒரு மிதிச்சுற்றுக்கு வண்டி ஏறக்குறைய 5.45 மீட்டர் முன்னேறுவது விளங்கும். மேட்டூரிலிருந்து சேலம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். இடையில் எங்கும் மிதிக்காமல் உருளவிடாத ஒருவர், அவ்வூரை அடைய 9,200 முறை மிதித்தாக வேண்டும்.

இந்த 5.45 மீட்டர் என்னும் அளவு சமவெளிக்கு ஏற்றது. மேட்டூர் அணையின் கிழக்குக்கரை, மேற்குக்கரை வாய்க்கால்களை ஒட்டிய பாதைகள் மிதிவண்டிக்கு மிக இசைவானவை. காரணம் எளியது. வாய்க்காலில் நீர் தானாகவே ஓட வேண்டும். எனவே அதன் தளம் மிக மெல்லிய சரிவோடு வெட்டப்படும். கரையும் அதே சரிவில் செல்லும். பாசனப் பொறியாளர் நீருக்கு வகுத்த வழி, மிதிப்பவர்க்கும் மேடுபள்ளமற்ற வழியாயிற்று.

மலை வழி வேறு. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஒரே வேகம் கொண்ட கறுப்பு வண்டியில் அதை ஏறுவோர் பெரும்பாலும் இறங்கித் தள்ளவே நேரிடும். கியர் வண்டியில் முன்னும் பின்னும் 28 பற்கள் கொண்ட சக்கரங்களைத் தேர்ந்தால், ஒரு மிதிச்சுற்றுக்கு வண்டி ஏறத்தாழ 2.1 மீட்டரே நகரும். மிதியை அழுத்த வேண்டிய விசை இரண்டரை மடங்குக்கு மேல் குறையும். ஆனால் மிதிக்க வேண்டிய சுற்றுகள் அதே அளவு கூடும். செய்யப்படும் மொத்த வேலையில் கியர் எதையும் குறைப்பதில்லை. கால் தாங்கும் சிறு தவணைகளாக அதைப் பிரித்துத் தருகிறது; அவ்வளவே.

மலையைவிடக் காற்று கொடியது என்பர் நெடுந்தூரம் ஓட்டுவோர். ஆடி மாதத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்றை எதிர்த்து நாமக்கல், சேலம் சமவெளிகளில் ஓட்டியவர்க்கு இதன் பொருள் தெரியும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவரை எதிர்த்து அதே வேகத்தில் காற்று வீசினால், அவர் உடல் 30 கிலோமீட்டர் வேகக் காற்றைச் சந்திக்கிறது. எதிர்ப்பு நான்கு மடங்காகிறது. ஆர்வலர் குழுவாகச் செல்லும்போது ஒருவர்பின் ஒருவராக நெருங்கி ஓட்டுவதும், முன்னவர் களைத்ததும் பின்வாங்கி மற்றவர்க்கு இடம் விடுவதும் இதனால்தான்.

இத்தனை தடைகள் இருந்தும் மிதிவண்டி வியப்பூட்டும் சிக்கனமுடையது. நடப்பவர் ஒரு கிலோமீட்டருக்குச் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே மிதிப்பவர்க்குத் தேவைப்படுகிறது. நடையில் ஒவ்வோர் அடிக்கும் உடல் எழுந்து தாழ்கிறது. மிதிவண்டியிலோ உடலின் எடையை இருக்கை தாங்க, கால்கள் உந்துவதை மட்டும் செய்கின்றன.

ஓடும் வண்டி ஏன் விழுவதில்லை என்னும் வினா எளிதாகத் தோன்றும், விடை எளிதன்று. சக்கரங்களின் சுழற்சியே அதை நிறுத்துகிறது என்று நெடுங்காலம் கற்பிக்கப்பட்டது. சுழற்சியின் விளைவையும், முன்கவையின் சாய்வால் வரும் விளைவையும் நீக்கி அமைத்த ஒரு சோதனை வண்டியும் தானாகவே நிலைத்து ஓடியதை 2011ஆம் ஆண்டில் நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர் காட்டினர். சாயும் திசையில் முன்சக்கரம் தானே திரும்பி, வண்டியை விழுந்த பக்கத்தின் அடியில் கொண்டுவந்து நிறுத்துகிறது என்பதே பொதுவான விளக்கம். அத்திருப்பம் நிகழ்வதற்குக் காரணங்கள் பல.

கோட்டம் எடுப்பவர்

மிதிவண்டிக் கடைக்காரரின் திறம் சங்கிலி மாட்டுவதில் இல்லை. பஞ்சர் ஒட்டுவதிலும் இல்லை. சக்கரத்தின் 'கோட்டம் எடுப்பதில்' உள்ளது. பழைய ஆங்கிலேய முறைப்படி, முன்சக்கரத்தில் 32 ஆரக்கம்பிகளும் பின்சக்கரத்தில் 40 ஆரக்கம்பிகளும் இருக்கும். பின்சக்கரம் மிகுந்த எடையைத் தாங்குவதால் இந்த வேறுபாடு. மாட்டுவண்டிச் சக்கரத்தின் மர ஆரம் தடித்தது. எடையை அழுத்தமாக ஏற்று நிற்பது. மிதிவண்டியின் கம்பியோ மெல்லியது, அழுத்தினால் வளைந்துவிடும். ஆகவே எல்லாக் கம்பிகளும் முன்கூட்டியே இறுக இழுத்துக் கட்டப்படுகின்றன. எடை ஏறும்போது தரையை ஒட்டிய சில கம்பிகளின் இறுக்கம் சற்றே தளர்கிறது. ஏனையவை தம் இழுப்பால் வளையத்தை வட்டமாகவே வைத்திருக்கின்றன.

ஒரு கம்பியின் இறுக்கம் மாறினால் வளையம் ஒருபுறம் கோணும். கடைக்காரர் சக்கரத்தைச் சுழலவிட்டு, ஓரத்தில் சுண்ணாம்புக் கட்டியையோ விரல் நகத்தையோ நிறுத்தி, எங்கே உரசுகிறது என்று பார்ப்பார். உரசும் இடத்திற்கு எதிர்ப்பக்கக் கம்பியைக் கால் திருகு இறுக்குவார். அதே பக்கக் கம்பியைக் கால் திருகு தளர்த்துவார். கம்பிகளை இரண்டிரண்டாக விரலால் அழுத்தியும் தட்டி ஓசை கேட்டும் இறுக்கத்தை அறிவார். வீணையின் தந்தியைச் செம்மைப்படுத்துபவரின் செவிக்கு நிகரான செவி வேண்டும். இத்தொழில் எந்தப் பாடநூலிலும் முழுமையாக எழுதப்படவில்லை. பன்னிரண்டு வயதில் கடைக்கு வந்து எடுபிடியாக நின்றவர், கைவழி கற்றது. கடைகள் மோட்டார் வாகனப் பழுதுபார்ப்புக்கு மாறிவரும் இக்காலத்தில், கோட்டம் எடுக்கத் தெரிந்த கைகள் குறைவது மிதிவண்டிக்கு நேரும் மெய்யான இழப்பு. உதிரி உறுப்பை விலைக்கு வாங்கலாம். செவியை வாங்க இயலாது.

பெண்கள் ஏறிய வண்டி

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991ஆம் ஆண்டில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவுப் பணியைத் தொடங்கியது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டும் பயிற்சியையும் அவ்வியக்கத்தில் இணைத்தார். கற்பிக்கும் பெண்கள் ஊர் ஊராகச் செல்ல வேண்டும், வாகனமோ இல்லை. அத்தேவையில் பிறந்த எண்ணம், மாவட்டம் முழுவதும் பரவியது. கல் உடைப்போர், வேளாண் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியைகள் எனப் பலரும் கற்றனர். ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட ஊரகப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார்.

எதிர்ப்பும் ஏளனமும் இல்லாமல் இல்லை. பெண்கள் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. பெண்களுக்கான வண்டி போதிய அளவில் கிடைக்காதபோது ஆண்களுக்கான வண்டியிலேயே ஏறினர். குறுக்குக் கம்பி இருந்தால் குழந்தையை அமர்த்தலாம் என்று அதனையே விரும்பியவர்களும் உண்டு. தண்ணீர்க் குடமும் விளைபொருளும் பிள்ளையும் ஏறிய அவ்வண்டி, பேருந்துக்காகக் காத்திருந்த பொழுதை அவர்களுக்கு மீட்டுத் தந்தது. கணவனோ தந்தையோ தமையனோ கொண்டுவிட்டால்தான் சந்தைக்குப் போகலாம் என்னும் நிலையும் தளர்ந்தது. ஆர்வலர் என்னும் சொல்லுக்குத் தமிழ்நாட்டில் மிகப் பொருத்தமானவர் இவர்களே என்று கூறினும் தகும்.

பள்ளி மாணவியர்க்கு மிதிவண்டி வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்தது. முதலில் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியர்க்கு என்றிருந்த அது, பின்னர் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பயிலும் மாணவ மாணவியர்க்கென விரிந்தது. பீகார் மாநிலம் 2006ஆம் ஆண்டில் ஒன்பதாம் வகுப்பு மாணவியர்க்கு மிதிவண்டி வாங்கப் பணம் வழங்கியது. அத்திட்டத்தை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகியோர், உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவியர் எண்ணிக்கை 32 விழுக்காடு உயர்ந்ததாகக் கண்டனர். பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களிலேயே பயன் மிகுந்திருந்தது. தொலைவு என்பது வரைபடத்தில் உள்ள அளவு மட்டுமன்று. எட்டாம் வகுப்போடு நின்ற பெண்கள் பலர்க்கு அதுவே காரணம்.

நெடுவழி ஓட்டம்

பொழுதுபோக்காகவும் உடற்பயிற்சியாகவும் ஓட்டுவோர் இன்று பெருகியுள்ளனர். எடை குறைந்த அலுமினியச் சட்டகம், மெல்லிய டயர், வளைந்த கைப்பிடி கொண்ட சாலை வண்டிகளும், கரடுமுரடான வழிக்கேற்ற தடித்த டயர் வண்டிகளும் இவர்களிடம் உள்ளன. 'பிரெவே' எனப்படும் நெடுவழி ஓட்டத்தில் பந்தயம் இல்லை, முதலிடமும் இல்லை. 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்திலும் 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டும், அவ்வளவே விதி. பழுதானால் ஓட்டுபவரே சரிசெய்துகொள்ள வேண்டும். இவ்வகை ஓட்டங்களுள் புகழ்பெற்றதான பாரிசு – பிரெசுட்டு – பாரிசு 1891ஆம் ஆண்டில் பந்தயமாகத் தொடங்கியது. இன்று நான்காண்டுக்கு ஒருமுறை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் தொலைவுக்கு, 90 மணி நேர வரம்போடு நடைபெறுகிறது. இந்தியரும் அதில் பங்கேற்கின்றனர்.

மேட்டூர் வட்டாரத்தில் இத்தகைய ஓட்டத்திற்கு ஏற்ற ஒருநாள் வழி ஒன்றுண்டு. அணையிலிருந்து காவிரியின் கிழக்குக் கரையில் தெற்கே சென்றால் பூலாம்பட்டி வரும். அங்கே ஆற்றின் குறுக்கே கதவணை நீரைத் தேக்கி நிறுத்துகிறது; விசைப்படகு அக்கரைக்குச் செல்கிறது. ஆட்களோடு இருசக்கர ஊர்திகளும் அதில் ஏறும். நெரிஞ்சிப்பேட்டையில் இறங்கி, மேற்குக் கரைச் சாலையில் வடக்கே மிதித்தால் மீண்டும் மேட்டூர். தேங்கிய நீரும் தென்னையும் கரும்பும் பாலமலையின் நிழலும் வழியெங்கும் உடன்வரும். அச்சாலையில் பேருந்தும் சரக்குந்தும் விரைவதால் தலைக்கவசமும், மாலை ஓட்டத்திற்கு முன்பின் விளக்குகளும் கட்டாயம் தேவை.

புதிதாகப் பெற்ற வண்டியை இத்தகைய வழிக்கு உடனே கொண்டு செல்லலாகாது. தொழிற்சாலையில் பூட்டப்பட்ட கம்பிகள் முதல் சில வாரங்களில் தம் இருப்பிடத்தில் அமர்ந்து தளரும். மிதிகட்டை, கைப்பிடி, சக்கர அச்சு ஆகியவற்றின் மரைகளும் இளகும். முதல் மாதத்தின் இறுதியில் வண்டியைக் கடையில் விட்டு எல்லா மரைகளையும் முடுக்கி, இரு சக்கரங்களுக்கும் கோட்டம் எடுத்துப் பெறுவது தேர்ந்த ஓட்டுநரின் வழக்கம். அதைச் செய்யாத வண்டியில் முதலில் ஒரு கம்பி அறும். அதன் பாரம் அண்டைக் கம்பிகளில் ஏறி, அடுத்தடுத்து இரண்டு மூன்று அறும். செய்த வண்டி பல்லாண்டு ஓடும்.